பட்டறைக்காரர் பதில்கள்: பத்துமலைக்குப் போகும் மைவி

கேள்வி: ஐயா, தைப்பூசத்துக்கு பாகான் செராயிலிருந்து பத்துமலைக்கு எங்கள் ஆட்டோ கியர் மைவி காரில் போகிறோம். நான், கணவர், மாமியார், தங்கை, நான்கு வயது மகள். பின்னால் சாமான் வைக்கும் பூட்டில் பால்குடங்கள், 10 கிலோ அரிசி, பாத்திரம், அடுப்பு, கேஸ் தோம்பு (சிலிண்டர்). பின்பக்கம் தரையோடு இறங்கிவிடுகிறது. போன வருடம் வழியில் கார் நின்று, கொழுந்தன் கயிறு கட்டி இழுத்தார். இந்த முறையும் கயிறு எடுத்துக்கொள்ளவா?
– ஒரு வாசகி

பதில்: முதலில் கேஸ் தோம்பை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், தங்கச்சி. 14 கிலோ கேஸும் இரும்பும் சேர்ந்து 25 கிலோவைத் தாண்டும். கனத்தைக்கூட விட்டுவிடலாம். மூடிய காருக்குள் கசிந்தால், காற்றைவிடக் கனமான அந்த வாயு கீழேயே தேங்கி நிற்கும். ஒரு பொறி போதும். பத்துமலையில் தண்ணீர்ப் பந்தலுக்கும் அன்னதானத்துக்கும் பஞ்சமா என்ன? அரிசியை மட்டும் நான் தொடமாட்டேன், மாமியார் கோபித்துக்கொள்வார்.

ஆட்களும் பாரம்தான். நான்கு பெரியவர்கள், ஆளுக்கு 65 கிலோ என்றாலும் 260 கிலோ. உங்கள் அரிசி மூட்டையில் 26 ஏற்றிய மாதிரி. ஓட்டுநர் கதவைத் திறந்தால் பக்கத்துத் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். டயருக்கு எவ்வளவு காற்று என்று அதில் போட்டிருக்கும். முழுப் பாரத்துக்குத் தனி அளவு கொடுத்திருந்தால் அதையே பிடியுங்கள். எண்ணெய் நிலையத்து மெஷின் கிலோபாஸ்கலில் காட்டும். உங்கள் வீட்டுக்காரர் பவுண்டுக் கணக்குக்காரர் என்றால், 220 என்பது ஏறக்குறைய 32 பவுண்டு. டயர் சூடாகும் முன், காலையிலேயே பாருங்கள்.

கனமானதைப் பின் சீட்டின் முதுகோடு ஒட்டி, கீழே வையுங்கள். பின் கண்ணாடிப் பலகையில் குடம் கூடாது. பிரேக் போட்டால் அது மாமியார் பிடரிக்குத்தான் வரும். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சுங்கை சிப்புட்டில் தோட்டத்துப் பட்டறையில் இருந்த காலத்தில், கோயிலுக்கு உடைக்கத் தேங்காய்களைச் சீட்டுக்கடியில் போட்டுக்கொண்டு போனேன். செம்பனைக் காட்டு இறக்கத்தில் ஒன்று உருண்டு வந்து பிரேக் மிதிக்கு அடியில் நின்றது. மிதிக்கிறேன், மிதி இறங்கவில்லை. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை மெல்ல இழுத்து, ஒரு மண்மேட்டில் ஏற்றி நிறுத்தினேன். அன்றிலிருந்து தேங்காய் என்றால் சாக்கில் கட்டி பூட்டில்தான்.

மகளை மடியில் வைக்காதீர்கள். குழந்தை இருக்கை 2020 ஜனவரி முதல் நம் மலேசியாவில் சட்டம். பின் சீட் பெல்ட்டும் 2009 முதல் சட்டம்தான், எத்தனை பேர் போடுகிறார்கள்!

நீங்கள் போகும் நெடுஞ்சாலையில் மெனோரா சுரங்கம் தாண்டி ஜெலாப்பாங் வரை இறக்கம். பாரத்தோடு பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிமானம் போய்விடும். கியரை ஒரு படி இறக்கி எஞ்சினே இழுத்துப் பிடிக்கட்டும்.

அப்புறம் அந்தக் கயிறு. கொழுந்தனுக்கு நல்ல மனசு, ஆனால் வேண்டாம். ஆட்டோ கியர்பாக்ஸுக்குள் எண்ணெயைச் சுற்றிவிடும் பம்ப், எஞ்சின் ஓடினால்தான் ஓடும். எஞ்சின் நின்றிருக்க, கியர்பாக்ஸோடு இணைந்த முன் சக்கரம் தரையில் உருண்டால் உள்ளே எல்லாம் எண்ணெய் இல்லாமல் தேயும். எஞ்சின் நின்ற காரில் பிரேக் இரண்டு மிதியில் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் கனக்கும்; முன்னால் போகிறவர் சட்டென நின்றால் நேராக அவர் மீதுதான். முழுக் காரையும் மேலே ஏற்றும் லோரிதான் சரி. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை என்றால் அதை நடத்தும் பிளஸ் நிறுவனத்தின் எண் 1800-88-0000. அவர்கள் வரும்வரை எல்லாரும் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நில்லுங்கள்.

லோரிக்காரர் முதலில் கேட்பது இழுவைக் கொக்கியைத்தான். பெரும்பாலும் அது பூட்டின் தரைக்கு அடியில், ஜாக்கோடு இருக்கும். சாமான் ஏற்றுவதற்கு முன்பே அதை எடுத்து முன் சீட்டுக்கடியில் துணி சுற்றிச் செருகி வையுங்கள். இல்லையென்றால் நடுராத்திரியில் பால்குடம் ஒவ்வொன்றாக ரோட்டோரத்தில் இறக்க வேண்டிவரும்.