ஒரு 'பி'யா, இரண்டு 'பி'யா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "என் பெயர் கருப்புசாமி. தோட்டத்தில் எல்லோருக்கும் நான் 'கட்டை'. மலாய் நண்பர்களுக்கு 'கெரொப்போக்', அதாவது பொரித்த இறால் அப்பளம். கிளினிக்கிலோ, காலமாகிப் பத்து வருஷமான அப்பாவின் பெயரைச் சொல்லி 'முனியாண்டி' என்று கூப்பிடுகிறார்கள். என் ஐசியில், அதாவது அடையாள அட்டையில், பெயருக்கு ஆங்கில எழுத்தில் இரண்டு 'பி'. மகளின் பிறப்புப் பத்திரத்தில் என் பெயருக்கு ஒரே 'பி'. பேசாமல் பெயரை மாற்றிவிடட்டுமா?"

மாற்றாதீர்கள். மகளின் பத்திரத்தை மட்டும் திருத்துங்கள், சீக்கிரமாக.

உங்கள் பெயரை மாற்றினால் கல்யாணப் பத்திரம், ஈபிஎஃப் சேமநிதி, வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் பத்திரம் என்று ஒவ்வொன்றாகப் பின்னால் ஓட வேண்டும். மகள் விஷயம் அப்படியில்லை. 12 வயதில் அவளுக்கு மைகாட், அதாவது அவளுடைய ஐசி, எடுப்பீர்கள். அதில் அவள் பெயருக்குப் பின்னால் வருவது உங்கள் பெயர். பத்திரத்தில் உள்ள ஒற்றை 'பி' அப்படியே அதில் ஏறும். அதன் பிறகு பாஸ்போர்ட்டிலும் ஏறும். இப்போது ஒரு தாள், பிறகு ஐந்து தாள்.

தேசியப் பதிவு இலாகாவுக்குப் போகும்போது பத்திரத்தின் மூலப் பிரதி, கணவன் மனைவி இருவரின் ஐசி, கல்யாணப் பத்திரம் ஆகியவற்றைக் கொண்டு போங்கள். வேறென்ன வேண்டும் என்று முகப்பிலேயே கேட்டுவிட்டு வரிசையில் நில்லுங்கள். பாதி நாள் மிச்சமாகும். பத்திரத்தில் தகப்பனாரின் ஐசி எண்ணும் இருக்கும். அந்த 12 இலக்கம் சரியாக இருந்தால் ஆள் நீங்கள்தான் என்று காட்டுவது சுலபம். இடையில் யாராவது சந்தேகப்பட்டால், சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் 'இரண்டு எழுத்துக்கூட்டலும் ஒரே ஆள்தான்' என்று கையெழுத்திட்டுக் கொடுக்கலாம். 1960ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதற்கு இடமுண்டு.

இந்த 'பி' குழப்பம் உங்கள் ஊருக்குப் புதிதில்லை. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு அவசரகாலம் வந்தது. அதோடு ஐசியும் வந்தது. தாத்தாக்கள் வாயால் சொன்னதை, காதில் விழுந்தபடி ரோமன் எழுத்தில் எழுதினார்கள். அண்ணன் தம்பிக்கே ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல் வந்ததெல்லாம் உண்டு. 2006இல் பதிவு இலாகா சில பெயர்களை ஏற்கத் தயங்கியது செய்தியானபோது கருப்புசாமியும் அந்தப் பேச்சில் அடிபட்டார். குலசாமி பெயர் ஐயா, தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

முனியாண்டி விவகாரம் வேறு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. 'ஏ/எல்' என்றால் அனாக் லெலாகி, இன்னாருடைய மகன். வெளிநாட்டுப் பாரங்களுக்கு அது புரியாது, கடைசியில் இருப்பதைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். விமான டிக்கெட்டில் சாய்கோட்டை விட்டுவிட்டு, மற்றதைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். கிளினிக்கில் பதியும்போதே "கருப்புசாமி என்று கூப்பிடுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். மறந்துவிட்டால் அப்பா பெயருக்கே கையைத் தூக்குங்கள், முறை தவறினால் மறுபடி ஒரு மணி நேரம்.

கட்டை என்ற பெயரோடு எனக்குச் சண்டையில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் ஒரே பெரட்டில் மூன்று முனியாண்டிகள் நின்ற காலத்தில் நெட்டை, குட்டை என்று பிரிக்காவிட்டால் வேலை வாங்கும் மண்டோருக்கு வேலை ஓடியிருக்காது. ஆனால் அது பேச்சோடு நிற்கட்டும். ஒரு தடவை என்னிடம் ஓர் அம்மா வந்தார். கணவர் சேர்ந்திருந்த மரண சகாய நிதிப் புத்தகத்தில் வாரிசு என்ற இடத்தில் 'பாப்பா' என்று இருந்தது, அவ்வளவுதான். ஐசி எண்ணும் இல்லை. இவர்தான் பாப்பா என்று சொல்ல நான்கு சாட்சிகளைக் கூட்டி வர வேண்டியதாயிற்று. உங்கள் புத்தகத்தையும் ஒரு முறை திறந்து பாருங்கள்.

கெரொப்போக் என்று கூப்பிடுகிற நண்பர்களை என்ன செய்வதா? ஹரி ராயா பெருநாளுக்கு அவர்கள் வீட்டுக்குப் போய் ஒரு பை நிறைய வாங்கிக்கொண்டு வாருங்கள்.