ஸ்டாண்ட்பை ஜெனரேட்டர் கன்ட்ரோல் ஒயரிங்: கேள்வி பதில்

கேள்வி: சார், ஜெனரேட்டருக்கும் ஏடிஎஸ் பேனலுக்கும் (மெயின்ஸ் போனால் லோடைத் தானாக ஜெனரேட்டருக்கு மாற்றும் சுவிட்ச்) நடுவில் 80 மீட்டர். ஸ்டார்ட் சிக்னலுக்கு 1.5 சதுர மி.மீ. போதுமா, 2.5 போடணுமா?

பதில்: 1.5 தாராளம். ஏடிஎஸ்ஸில் இருப்பது சுவிட்ச் மாதிரி மூடித் திறக்கும் வெறும் கான்டாக்ட். அது மூடினால் ஜெனரேட்டரின் கன்ட்ரோலர் எஞ்சினைக் கிளப்பும். ஓடும் கரண்ட் சில மில்லி ஆம்பியர்தான். 1.5 செம்பு ஒயரின் தடை கிலோமீட்டருக்குச் சுமார் 12 ஓம். போய்வர 160 மீட்டருக்கு 2 ஓம்கூட வராது. ஆனால் கேபிளில் மிச்சம் இருக்கும் கோரில் (உள் ஒயரில்) பேட்டரி சார்ஜரின் 5 ஆம்பியரை அனுப்பும் ஆசை வேண்டாம். கிட்டத்தட்ட 10 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும், 12 வோல்ட் பேட்டரிக்கு என்ன மிஞ்சும்? சார்ஜரை பேட்டரி பக்கத்தில் வைத்து, அதற்கு ஏசி சப்ளை கொண்டுபோங்கள்.

கேள்வி: பவர் கேபிள் போகும் பைப்பிலேயே இதையும் விடலாமா?

பதில்: வேண்டாம். நீளமாகப் பக்கத்தில் ஓடினால் ஏசி தூண்டப்பட்டு வரும். சில கன்ட்ரோலர்களின் இன்புட் அதையே சிக்னல் என்று எடுத்துக்கொள்ளும். தனி பைப் போடுங்கள். குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கட்டும். அப்படியும் தொல்லை இருந்தால் கன்ட்ரோலர் பக்கம் ஒரு ரிலே (காயிலில் கரண்ட் வந்தால் இயங்கும் சுவிட்ச்) வையுங்கள். காயிலுக்குக் குறுக்கே டயோடு மறக்காதீர்கள்.

கேள்வி: அண்ணா, ஸ்டார்ட் ஒயர் நடுவில் அறுந்துபோனால் எப்படித் தெரியும்?

பதில்: எல்லோரும் சதுர மில்லிமீட்டரைக் கேட்கிறார்கள், இதைக் கேட்பவர் குறைவு. மூடினால் ஸ்டார்ட் என்ற வழக்கமான முறையில் ஒயர் அறுந்தால் எந்தச் சத்தமும் இருக்காது. கரண்ட் போகும் அன்றைக்குத்தான் தெரியும். வாராவாரம் கன்ட்ரோலரில் பட்டனை அழுத்தி ஓட்டிப் பார்ப்பவர்களுக்கும் தெரியாது, ஏனென்றால் அந்த ஒயர் சோதனைக்குள்ளேயே வருவதில்லை. டெஸ்டை ஏடிஎஸ் பக்கமிருந்து செய்யுங்கள்.

தலைகீழாகவும் அமைக்கலாம்: மெயின்ஸ் நன்றாக இருக்கும்வரை கான்டாக்ட் மூடியிருக்கும், திறந்தால் ஸ்டார்ட். அப்போது அறுந்த ஒயர் ஜெனரேட்டரைச் சும்மாவே கிளப்பிவிடும். லோடு மெயின்ஸிலேயே இருக்கும், டீசல்தான் எரியும். எரிச்சல்தான், ஆனால் விஷயம் உடனே வெளியே வந்துவிடும். இதிலும் ஓர் ஓட்டை உண்டு. இரண்டு கோரும் ஷார்ட் ஆனால் மெயின்ஸ் இருப்பதாகவே கன்ட்ரோலர் நம்பிக்கொண்டிருக்கும். ஆஸ்பத்திரி, ஃபயர் பம்ப் மாதிரி இடங்களுக்கு, ஒயரின் கடைசியில் ரெசிஸ்டர் வைத்து அறுந்தாலும் ஷார்ட் ஆனாலும் அலாரம் தரும் கன்ட்ரோலரைத்தான் நான் எடுப்பேன். அங்கே கேபிளும் தீயைத் தாங்கும் ரகமாக இருக்கணும்.

கேள்வி: எஞ்சின் மேல் சாதாரண ஒற்றைக் கம்பி ஒயர் ஓட்டலாமா?

பதில்: கூடவே கூடாது. அதிர்வில் டெர்மினல் ஓரத்தில் ஒடியும். பல இழை ஒயர், ஃபெரூல் (ஒயர் முனையில் இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் உலோகக் குழாய்), 105 டிகிரி தாங்கும் இன்சுலேஷன். சைலன்சர் பக்கமே போக வேண்டாம்.

கேள்வி: எஞ்சின் ரீடிங்கை அதே 80 மீட்டர் தள்ளி ஒரு டிஸ்ப்ளேயில் பார்க்கணும். எஞ்சினின் கேன் லைனையே (எஞ்சின் தகவலைக் கடத்தும் இரண்டு ஒயர் லைன்) நீட்டினால் போதுமா?

பதில்: போதாது. ஜே1939 என்ற எஞ்சின் தரநிலைப்படி கேன் லைனுக்கு 40 மீட்டர்தான் கணக்கு. இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கணும். பவரை ஆஃப் செய்து இரண்டு ஒயருக்கும் நடுவில் அளந்தால் 60 ஓம் காட்டும். 120 காட்டினால் ஒரு ரெசிஸ்டர் இல்லை என்று அர்த்தம். 80 மீட்டருக்கு கன்ட்ரோலரின் ஆர்எஸ்-485 போர்ட்டிலிருந்து (நீண்ட தூரத்துக்குத் தகவல் அனுப்பும் இணைப்பு) முறுக்கிய ஜோடி ஷீல்டு கேபிள் எடுங்கள். அதன் ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். அப்புறம், இந்தக் கேபிள் வெளியில் திறந்தவெளியில் போனால் இரண்டு பக்கமும் சர்ஜ் அரெஸ்டர் (மின்னல் மாதிரி திடீர் வோல்டேஜைத் தடுக்கும் கருவி) வையுங்கள். மின்னல் முதலில் கன்ட்ரோலரின் கம்யூனிகேஷன் போர்ட்டைத்தான் பதம் பார்க்கும்.