ஆராதனையில் எல்லோரும் அழுகிறார்கள், எனக்கு மட்டும் ஒன்றுமே வரவில்லை

அன்புள்ள ஆலோசகர் அம்மாவுக்கு,

நான் மலேசியாவில், பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். வயது 51. பிறையில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசர். கணவர் லாரி ஓட்டுகிறார். ஒரே மகள், சிந்தோக்கில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். தாத்தா காலத்திலிருந்தே நாங்கள் கிறிஸ்தவர்கள். சபையில் ஞாயிறு பள்ளி எடுக்கிறேன், பாடகர் குழுவிலும் இருக்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் எனக்கு ஒரு குறையும் இல்லை.

என் அம்மா தோட்டத்தில் பால்மரம் வெட்டி எங்கள் இருவரையும் வளர்த்தவர். ஸ்ட்ரோக் வந்து படுத்த பிறகு கடைசிவரை என் வீட்டில்தான் இருந்தார். தம்பி ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் குடியேறிவிட்டான். நைட் ஷிப்ட் முடித்து வந்து அம்மாவைக் குளிப்பாட்டுவேன், பேம்பர்ஸ் மாற்றுவேன், புரட்டிப் படுக்க வைத்து முதுகில் பவுடர் போடுவேன். அப்போதும் அம்மா கேட்பது, “தம்பி போன் பண்ணானா?” என்பதுதான். அவனிடம் நான் பண உதவி கேட்டதில்லை. வந்து ஒரு மாதம் பார்த்துக்கொள் என்றும் சொன்னதில்லை. பெற்ற தாய்க்குச் செய்வதைக் கேட்டுத்தான் செய்ய வேண்டுமா?

போன வருடம் அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். தம்பி விமானம் ஏறி வந்தான். நினைவு ஆராதனையில் மைக்கைப் பிடித்து, அம்மாவுக்காக ஜெபிக்காத நாளே இல்லை என்று சொல்லித் தேம்பித் தேம்பி அழுதான். சபையே அழுதது. “எவ்வளவு பாசமான பிள்ளை!” என்று பேசிக்கொண்டார்கள். அந்த நேரத்தில் நான் பின்பக்கம் மேசையருகே நின்று, வந்தவர்களுக்கு மீகூன் (அரிசி நூடுல்ஸ்) பொட்டலம் போதுமா என்று எண்ணிக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

இன்றுவரை வரவில்லை. ஆராதனையில் பக்கத்தில் நிற்பவர்கள் கையை உயர்த்தி உருகுகிறார்கள். நான் சுருதி பிசகாமல் பாடுகிறேன், அவ்வளவுதான். மகளுக்கு நல்ல ரிசல்ட் வந்தது. “சரி, நல்லதும்மா” என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டேன். பின்னாலேயே வந்து, “உங்களுக்கு சந்தோஷமே வராதாம்மா?” என்று கேட்டாள்.

சென்ற மாதம் பாஸ்டர் எபிரெயர் 3-ஆம் அதிகாரத்தை எடுத்து, “உங்கள் இருதயங்களைக் கடினப்படுத்தாதிருங்கள்” என்று பேசினார். என்னைப் பார்த்தே சொன்னதுபோல் இருந்தது. பெண்கள் ஐக்கியத்தில் மூத்த சகோதரி ஒருவரிடம் விஷயத்தைச் சொன்னேன். “மன்னிச்சிடுங்க சிஸ்டர், உடனே சந்தோஷம் வந்துடும்” என்றார். மன்னிக்கிறேன் ஆண்டவரே என்று முழங்காலில் நின்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். எதுவும் மாறவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். அம்மாவுக்கு ஆன செலவையெல்லாம் ஒரு 555 புத்தகத்தில், அதுதான் கடன் கணக்கு எழுதும் சின்ன நோட்டில், எழுதி வைத்திருந்தேன். பேம்பர்ஸ், பால் மாவு, ஆஸ்பத்திரிக்குப் போன கிராப் கட்டணம், எல்லாம் தேதி போட்டு இருக்கிறது. யாரிடமும் காட்டப்போவதில்லை. ஆனால் தூக்கிப்போடவும் மனம் வரவில்லை.

இப்போது தம்பி குடும்பத்தோடு கிறிஸ்துமசுக்கு வருகிறானாம். அம்மா இருந்த அறையிலேயே தங்கிக்கொள்கிறேன் என்கிறான். பார்வோனின் இருதயத்தைப் போல என்னுடையதையும் தேவன் கடினப்படுத்திவிட்டாரா? இனி எனக்கு சந்தோஷம் வராதா? அவனை வீட்டில் சேர்த்துத்தான் ஆக வேண்டுமா?

இப்படிக்கு,
பட்டர்வொர்த் வாசகி

*

அன்புச் சகோதரிக்கு,

பார்வோனை விடுங்கள். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தவர்கள் இயேசுவின் சீஷர்கள். ஐந்து அப்பத்தை ஐயாயிரம் பேருக்குப் பங்கிட்டுக் கொடுத்தது அவர்களுடைய கைகள்தான். மீதியைப் பன்னிரண்டு கூடை நிறைய எடுத்ததும் அவர்கள்தான். அன்று இரவே படகில், அவர்களுடைய இருதயம் கடினமுள்ளதாயிருந்தபடியினால் அந்த அப்பங்களைக் குறித்து உணராமற்போனார்கள் என்று மாற்கு 6:52 சொல்கிறது. நாள் முழுக்க ஊழியம் செய்து களைத்தவர்களைப் பற்றி எழுதிய வசனம் இது. எல்லோருக்கும் பொட்டலம் போதுமா என்று எண்ணிக்கொண்டிருந்த நீங்கள், உங்களுக்கு ஒன்று எடுத்துவைத்தீர்களா?

இருதய கடினம் என்றாலே தேவனை எதிர்த்து நிற்பவனின் பிடிவாதம் என்று நாம் நினைக்கிறோம். வேதத்தில் அதுவும் உண்டு, எபிரெயர் நிருபம் எச்சரிப்பதும் அதைத்தான். ஆனால் ஆலோசனை அறைக்கு என்னிடம் வருகிறவர்களில் அந்த ரகம் குறைவு. நொந்துபோய் இறுகியவர்கள்தான் அதிகம். உங்கள் அம்மாவின் கையை நினைத்துப் பாருங்கள். உளி பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போயிருக்கும். உள்ளே இருக்கும் சதையைக் காப்பாற்றத் தோல் தானாகச் செய்துகொண்ட ஏற்பாடு அது. காய்ப்பு ஏறிய இடத்தில் சூடு உறைக்காது, அதே இடத்தில் குழந்தையின் கன்னத்து மென்மையும் தெரியாது.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக உளவியலாளர் ஜேம்ஸ் கிராஸ், ஆலிவர் ஜானோடு சேர்ந்து 2003-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. உணர்ச்சியை வெளியே காட்டாமல் அமுக்கியே பழகியவர்களுக்கு வேதனை குறைந்துவிடவில்லை. குறைந்தது சந்தோஷம்தான். வேதனையை மட்டும் தனியாகப் பூட்டி வைக்க மனதில் வசதி கிடையாது போலும். மகளின் ரிசல்ட்டைக் கேட்டு நீங்கள் பாத்திரம் கழுவப் போனதற்கும், அம்மாவின் நினைவு ஆராதனையில் கண்ணீர் வராமல் நின்றதற்கும் காரணம் ஒன்றுதான்.

கண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. நம் சபைகளில் கண்ணீரை வைத்தே பக்தியை அளந்துவிடுகிறோம். அழுதவருக்கு அபிஷேகம், அழாதவருக்குக் கல்நெஞ்சு! இது நியாயமான அளவுகோல் இல்லை. யோசேப்பு தன் தம்பியைக் கண்டதும் மனம் உருகி, அறைக்குள்ளே போய் அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, தன்னை அடக்கிக்கொண்டு போஜனம் வைக்கச் சொன்னார். அவருக்கும் பிறகுதான், மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு, சகோதரர்கள் முன்னால் அழுகை வெடித்தது.

சரி, இனி நீங்கள் விரும்பாத பகுதிக்கு வருகிறேன்.

லூக்கா 15-இல் கெட்ட குமாரன் வீடு திரும்பிய பிறகு அண்ணன் வயலிலிருந்து வருகிறான். கீதவாத்தியமும் நடனக்களிப்பும் வெளியிலேயே கேட்கிறது. அவன் கோபமடைந்து, உள்ளே போக மனதில்லாதிருந்தான். சந்தோஷம் அவன் காதுக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது, யாரும் கதவைச் சாத்தவும் இல்லை. தகப்பன் வெளியே வந்து அழைத்ததும் அவன் கொட்டியதைக் கேளுங்கள்: “இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்து... நீர் ஒருக்காலும் எனக்கு ஒரு ஆட்டுக்குட்டியையாவது கொடுக்கவில்லை.” அவனிடமும் ஒரு 555 புத்தகம் இருந்திருக்கிறது. கணக்கில் பொய்யில்லை, உழைத்தது அவன்தான். ஆனால் அந்த ஆட்டுக்குட்டியை அவன் ஒரு நாளாவது கேட்டதாகக் கதையில் இல்லை. “எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது” என்கிறார் தகப்பன்.

கேட்டுத்தான் செய்ய வேண்டுமா என்று எழுதியிருக்கிறீர்கள். ஆமாம், சகோதரி. பெரும்பாலான வீடுகளில் கேட்டால்தான் நடக்கிறது, அதுவும் கடல் கடந்து போன பிள்ளைகள் விஷயத்தில். உங்கள் தம்பி செய்தது சரி என்று நான் சொல்லமாட்டேன். கேட்காமலே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் நீங்கள் வாய் திறக்காமல் இருந்ததற்குப் பொறுமை மட்டும்தான் காரணமா? கேட்காமல் இருந்தால் கடன் முழுவதும் அவர் பெயரிலேயே இருக்கும், நாம் மேலே நிற்கலாம். அந்த இடத்தில் ஒரு சுகம் உண்டு. பலருக்கு அந்தச் சுகத்தை விடுவது தம்பியை மன்னிப்பதைவிடக் கஷ்டமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் விஷயத்தில் நான் தவறாகவும் இருக்கலாம். கோபம் வந்தால் கோபப்படுங்கள், நல்லதுதான்.

அப்புறம், அந்த மன்னிப்பு. மூத்த சகோதரி நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார், ஆனால் “உடனே” என்ற அவசரத்தை நான் ஏற்கமாட்டேன். மன்னிப்பைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் எவரெட் வொர்திங்டன் ஒரு கிறிஸ்தவர். 1996 புத்தாண்டையொட்டி அவருடைய தாயாரை வீடு புகுந்து கொன்றுபோட்டார்கள், ஆக ஏட்டுச் சுரைக்காயாகப் பேசுகிறவர் இல்லை. தீர்மானத்தால் வரும் மன்னிப்பு ஒன்று, உணர்வில் வரும் மன்னிப்பு வேறொன்று என்று அவர் பிரித்துக் காட்டுகிறார். பழிக்குப் பழி வேண்டாம் என்று முடிவு செய்வது முதலாவது. கசப்பு கரைந்து அந்த இடத்தில் இரக்கம் வருவது இரண்டாவது, அது மெதுவாக, தன் போக்கில் வரும். முழங்காலில் நின்று நீங்கள் செய்தது முதலாவது. அது பொய்யாகிவிடவில்லை. இரண்டாவது வரவில்லையே என்று உங்களையே அடித்துக்கொள்ளாதீர்கள்.

அதோடு, உங்களுக்குத் தம்பியை மன்னிக்கும் வேலைக்கு முன்னால் இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. அம்மாவுக்காக நீங்கள் இன்னும் துக்கம் கொண்டாடவில்லை. அம்மாமேல் இருக்கும் வருத்தத்தையும் வெளியே விடவில்லை. முதுகுக்குப் பவுடர் போடும் கை ஒருத்தியுடையது, அம்மா கேட்கும் பெயர் இன்னொருவனுடையது. இது தம்பி செய்த காயமா, அம்மா செய்த காயமா? செத்துப்போன தாயின்மேல் கோபம் கொள்வது பாவம் என்று பயந்து, முழுக் கோபத்தையும் பெர்த்துக்கு அனுப்பி வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது.

ஆகவே அந்த 555 புத்தகத்தை இப்போதைக்குத் தூக்கிப்போட வேண்டாம். ஒரு நாள் ஷிப்ட் இல்லாத மாலையில் கணவரை உட்கார வைத்து வாய்விட்டுப் படியுங்கள். தொகையை விடுங்கள், ஒவ்வொரு வரிக்கும் அன்றைக்கு என்ன நடந்தது என்று சொல்லுங்கள். எந்த இரவு, அம்மா என்ன சொன்னார், நீங்கள் என்ன சொல்லாமல் விழுங்கினீர்கள் என்று. அவர் ஆறுதல் சொல்லவே வேண்டாம், கேட்டால் போதும். “அவர் சமுகத்தில் உங்கள் இருதயத்தை ஊற்றிவிடுங்கள்” என்கிறது 62-ஆம் சங்கீதம். ஊற்றும்போது வருவது நல்ல தண்ணீராகத்தான் இருக்க வேண்டும் என்று அங்கே நிபந்தனை இல்லை. 88-ஆம் சங்கீதத்தைப் படித்துப் பாருங்கள், கடைசி வரிவரை இருட்டுதான். அதுவும் வேதத்துக்குள் இருக்கிற ஜெபம்தான்.

பாஸ்டர் எடுத்த அதே எபிரெயர் 3-இல், 13-ஆம் வசனம் இருக்கிறது. ஒருவனும் கடினப்பட்டுப்போகாதபடிக்கு நாடோறும் ஒருவருக்கொருவர் புத்திசொல்லுங்கள் என்று. அப்படியானால் உங்கள் இருதயம் இளகுவது உங்கள் தனி வீட்டுப்பாடம் இல்லை, சபைக்கும் அதில் வேலை இருக்கிறது. அந்த நீண்ட வருடங்களில், “நீங்கள் தூங்கினீர்களா சிஸ்டர்?” என்று யாராவது கேட்டார்களா? பாஸ்டரிடமோ பாஸ்டரம்மாவிடமோ நேரில் போய்ச் சொல்லுங்கள். பாடகர் குழுவிலிருந்து சில மாதம் விடுப்பும் கேளுங்கள். கல்லான இருதயத்தை எடுத்துப்போடுவேன் என்று எசேக்கியேல் 36-இல் சொல்கிறவர் தேவன்தான், நம் கையில் அவர் உளியைத் தரவில்லை.

ஒன்றைத் தள்ளிப்போடாதீர்கள். எதிலும் ஆர்வமோ சந்தோஷமோ இல்லாத நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலே மனச்சோர்வு நோயா என்று மருத்துவர்கள் பார்ப்பார்கள். உங்களுக்கு மாதக்கணக்காகிவிட்டது. அருகிலுள்ள கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்க சுகாதார நிலையத்தில்) டாக்டரிடம் தூக்கம், பசி, அசதி எல்லாவற்றையும் சொல்லுங்கள். மனச்சோர்வு என்று தெரிந்தால் அதற்குச் சிகிச்சை உண்டு, விசுவாசக் குறைவு என்ற பட்டம் தேவையில்லை. நடுவில் உயிரே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் 15555 என்ற அரசாங்க ஹீல் லைனுக்குக் கூப்பிடுங்கள்.

கடைசியாகக் கிறிஸ்துமஸ். தம்பியோடு பேசுவது வேறு, அம்மாவின் அறையைக் கொடுப்பது வேறு. அறை இன்னும் தயாராக இல்லை என்றால் இல்லை என்று சொல்லுங்கள், அது பகை ஆகாது. பட்டர்வொர்த்தில் ஹோட்டலுக்குப் பஞ்சமில்லை. அவர் வருவதற்கு முன்பே போனில் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: “அம்மாவைப் பார்த்துக்கிட்ட காலத்துல நான் ரொம்பத் தனியா இருந்தேன்டா. நீ கேட்கவே இல்லன்னு எனக்கு வருத்தம்.” இவ்வளவு போதும். பட்டியல் வேண்டாம், பண விவரமும் வேண்டாம். அவர் மழுப்பலாம், அழலாம், கோபப்படலாம். அது அவர் பாடு.

கூடவே, கிறிஸ்துமஸ் மதியச் சாப்பாட்டுக்குக் கோழிக் குழம்பும் பிரியாணியும் அவர் பொறுப்பு என்று சொல்லிவிடுங்கள். சமைப்பாரோ, கடையில் சொல்லி வாங்கி வருவாரோ, நீங்கள் அடுப்படிப் பக்கம் போக வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்