வாசகர் கேள்விகள்: வேப் பேட்டரி பத்திரமானதுதானா?

போன இதழில் டார்ச் விளக்கில் போடும் லித்தியம் பேட்டரியைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் முக்கால்வாசி வேப் கருவியை, அதாவது மின்சிகரெட்டைப் பற்றியவை. இரண்டிலும் இருப்பது பெரும்பாலும் அதே 18650 செல்தான், அதனால் இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிடுகிறேன். வேப் பிடிக்கலாமா என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன், நிகோடின் பிடித்தால் லேசில் விடாது. ஆனால் ஏற்கெனவே கையில் வைத்திருப்பவர் உடம்பைச் சுட்டுக்கொள்ளாமல் இருக்க வேண்டும் என்பதிலும் எனக்கு அக்கறை உண்டு.

கேள்வி: என் கருவியில் ஒரு பேட்டரியைக் கழற்றி மாற்றலாம். ஒன்றில் 9900 எம்ஏஎச் என்று போட்டிருக்கிறது, இன்னொன்றில் 2500தான். விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். பெரிய எண்ணையே வாங்கிவிடலாமா?

பதில்: 2500ஐ வாங்குங்கள். 9900 என்று போட்டிருப்பது பொய், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

18650 என்பது செல்லின் அளவு. 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், கடைசி சைபர் உருளை வடிவம் என்பதற்கு. இந்த அளவு டப்பாவுக்குள் நல்ல நிறுவனங்களால் அடைக்க முடிவது சுமார் 3500 எம்ஏஎச், அதற்கு மேல் கொஞ்சம்தான் ஏறும். 5000, 9900 என்று அச்சடிப்பவர் உள்ளே என்ன வைத்திருக்கிறார் என்பது யாருக்கும் தெரியாது. பழைய லேப்டாப்பிலிருந்து பிரித்தெடுத்த செல்லாகவும் இருக்கலாம், பெரிய கூட்டுக்குள் ஒளித்து வைத்த சின்ன செல்லாகவும் இருக்கலாம். தராசு இருந்தால் நிறுத்துப் பாருங்கள். உண்மையான செல் சுமார் 45 கிராம் இருக்கும், போலிகளில் பல அதைவிட நன்றாகவே எடை குறைந்தவை.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. எம்ஏஎச் என்பது குடத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைச் சொல்லும். ஆம்பியர் என்பது குடத்தின் வாய் வழியாக ஒரே நேரத்தில் எவ்வளவு கொட்டலாம் என்பதைச் சொல்லும். வேப் கருவி காயிலை, அதாவது திரவத்தை ஆவியாக்கும் கம்பிச்சுருளைச் சூடாக்க ஒரே மூச்சில் நிறைய இழுக்கும், ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது ஆம்பியரைத்தான், அதிலும் தொடர்ந்து தாங்கக்கூடிய ஆம்பியரை. சாம்சங் 25ஆர் 2500 எம்ஏஎச், 20 ஆம்பியர். எல்ஜி எச்ஜி2 3000 எம்ஏஎச், 20 ஆம்பியர். சாம்சங் 30கியூ 3000 எம்ஏஎச், 15 ஆம்பியர். எல்ஜி எம்ஜே1 3500 எம்ஏஎச், ஆனால் 10 ஆம்பியர்தான். கொள்ளளவு ஏறினால் பெரும்பாலும் ஆம்பியர் இறங்கும். 3500ம் 35 ஆம்பியரும் ஒரே செல்லில் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மேலுறையில் 40 ஆம்பியர் என்று பெரிதாகப் போட்டிருப்பது பல சமயம் சில விநாடிகள் மட்டும் தாங்கும் அளவு. தயாரிப்பாளரின் விவரத்தாளில் தொடர்ச்சியான அளவு என்று எது இருக்கிறதோ அதுதான் கணக்கு.

கேள்வி: சரி, 20 ஆம்பியர் செல் வாங்கினேன். என் கருவி எவ்வளவு இழுக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? பள்ளியில் படித்த கணக்கெல்லாம் மறந்துவிட்டது.

பதில்: ஒரே ஒரு வகுத்தல்தான். முதலில் உங்கள் கருவி எந்த வகை என்று பாருங்கள்.

உள்ளே சர்க்யூட் எதுவும் இல்லாமல் பேட்டரியும் சுவிட்சும் காயிலும் நேராக இணைந்திருக்கும் மெக்கானிக்கல் வகை என்றால், முழு சார்ஜில் உள்ள 4.2 வோல்டைக் காயிலின் ஓமால், அதாவது அதன் மின்தடையால் வகுங்கள். 0.5 ஓம் காயிலுக்கு 8.4 ஆம்பியர், கவலையில்லை. 0.2 ஓமுக்கு 21 ஆம்பியர், உங்கள் செல்லின் எல்லை தாண்டிவிட்டது. 0.15 ஓமுக்கு 28. ஓமில் இவ்வளவு சின்ன வித்தியாசம் ஆம்பியரில் இவ்வளவு பெரிதாக வருவதைக் கவனியுங்கள், தானே காயில் சுற்றுபவர்கள் பலர் மாட்டுவது இங்கேதான்.

வாட் அமைக்கும் திரை உள்ள கருவி என்றால் கணக்கு வேறு. அமைத்த வாட்டை, பேட்டரி தீரும் நேரத்தில் இருக்கும் வோல்டால் வகுக்க வேண்டும், 3.2 என்று வைத்துக்கொள்ளுங்கள், சர்க்யூட்டில் வீணாவதற்குப் பத்து சதவீதம் சேருங்கள். ஒரு செல்லில் 60 வாட் என்றால் சுமார் 21 ஆம்பியர் வரும், 40 வாட் என்றால் சுமார் 14. இந்த வகையில் சார்ஜ் குறையக் குறைய இழுப்பு கூடும், மெக்கானிக்கலில் முழு சார்ஜில்தான் அதிகம். இரண்டு செல் போடும் கருவி என்றால் வாட்டைப் பாதியாக்கிக் கணக்குப் போடுங்கள்.

வரும் எண்ணை விட நாலைந்து ஆம்பியராவது கூடுதலாகத் தாங்கும் செல்லை எடுங்கள். எல்லையிலேயே ஓட்டினால் செல் சூடாகும், சீக்கிரம் கிழடாகும். இன்னொன்று: மெக்கானிக்கல் கருவியைப் புதியவர்கள் தொடவே வேண்டாம். ஷார்ட் ஆனால் நிறுத்த அதில் ஒன்றும் கிடையாது. புகை வெளியேறத் துளை இல்லாத உலோகக் குழாயாக இருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி முகத்துக்கு நேரே வெடிக்கும்.

கேள்வி: ஐயா, செல்லின் பிளாஸ்டிக் மேலுறை மேல் ஓரத்தில் கொஞ்சம் கிழிந்திருக்கிறது. பேட்டரி நன்றாகத்தான் வேலை செய்கிறது. டேப் ஒட்டினால் போதுமா?

பதில்: போதாது. பலரும் பிளஸ் ஒரு முனை, மைனஸ் இன்னொரு முனை, நடுவில் இருப்பது வெறும் உடம்பு என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. செல்லின் உலோகக் கூடு முழுவதும் மைனஸ். பிளஸ் குமிழைச் சுற்றியிருக்கும் தோள் பகுதிகூட மைனஸ்தான். இரண்டுக்கும் நடுவே இருப்பது அந்த மெல்லிய மேலுறையும் அதன் அடியில் ஒரு சின்ன வெள்ளை வளையமும் மட்டுமே. உங்கள் கிழிசல் இருப்பது சரியாக அந்த இடத்தில்.

நானே இந்தத் தவறைச் செய்திருக்கிறேன். டார்ச்சில் இருந்த செல்லின் தோளில் மயிரிழை அளவு கிழிசல், டேப் ஒட்டி உள்ளே போட்டேன். சில வாரத்தில் டேப்பின் பசை இளகி நகர்ந்து, டார்ச்சின் பிளஸ் தகடு தோளையும் தொட்டுவிட்டது. கை வைக்க முடியாத சூடு. மூடியைத் திருகிக் கழற்ற எடுத்த அந்தச் சில விநாடிகளை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு பதறும்.

மேலுறை தனியாகவே கிடைக்கிறது, விலையும் அதிகமில்லை. பழையதைப் பிளேடு போடாமல் உரித்து, வெள்ளை வளையத்தை அதன் இடத்தில் வைத்து, புதிய உறையை மாட்டி, முடி உலர்த்தும் கருவியின் காற்றைக் காட்டினால் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். செல்லை ஓரிடத்தில் அதிக நேரம் சூடாக்கக் கூடாது. கூட்டில் பள்ளமோ துருவோ இருந்தால், அல்லது இனிப்பு வாசனையோ கரைப்பான் வாசனையோ வந்தால், உறை மாற்றுவதில் பயனில்லை. அந்தச் செல் முடிந்தது. முனைகளில் டேப் ஒட்டி மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள், வீட்டுக் குப்பையில் போடாதீர்கள்.

கேள்வி: என் மகன் இரண்டு பேட்டரியைச் சாவிக்கொத்தோடு பேன்ட் பையில் போட்டுக்கொண்டு திரிகிறான். சொன்னால் கேட்பதில்லை. இது ஆபத்தா, நான்தான் வீணாகப் பயப்படுகிறேனா?

பதில்: அம்மா, உங்கள் பயம் சரியானது. இன்று வந்த கடிதங்களிலேயே அவசரமானது இதுதான். மேலே சொன்ன தோள் பகுதியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு சாவி பிளஸ் குமிழையும் மைனஸையும் சேர்த்துத் தொட்டால் செல் தன்னிடம் உள்ளதையெல்லாம் ஒரே நேரத்தில் கொட்டப் பார்க்கும். உள்ளே சூடு ஒரு அளவைத் தாண்டினால் அப்புறம் வெளியிலிருந்து எதுவும் தேவையில்லை, செல்லே தன் சூட்டைக் கூட்டிக்கொண்டு போகும், உள்ளே இருக்கும் திரவம் எரியக்கூடியது.

அமெரிக்காவின் தீயணைப்பு நிர்வாகம் 2009 முதல் 2016 வரை ஊடகங்களில் வந்த மின்சிகரெட் தீ, வெடிப்புச் சம்பவங்களைத் தொகுத்தது. மொத்தம் 195. காயமடைந்தவர்கள் 133 பேர். அந்தச் சம்பவங்களில் 61, கருவியோ உதிரி பேட்டரியோ பையில் இருந்தபோது நடந்தவை. அதாவது யாரும் புகை இழுக்காத நேரத்தில்.

மகனோடு வாதம் செய்ய வேண்டாம். இரண்டு செல் பிடிக்கும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று வாங்கி அவன் கையில் கொடுங்கள். இதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது. விமானத்தில் போவதாக இருந்தாலும் அதே பெட்டிதான், கருவியும் உதிரி செல்களும் கையோடு எடுத்துப்போகும் பையில் இருக்க வேண்டும், சரக்கில் போடும் பெட்டியில் வைக்கக் கூடாது.

கேள்வி: கருவியிலேயே கேபிள் சொருகி சார்ஜ் செய்கிறேன், இரவெல்லாம் இருக்கும். தப்பா?

பதில்: இரவெல்லாம் என்பதுதான் தப்பு. கழற்றக்கூடிய செல் என்றால் தனி சார்ஜரில் போடுங்கள், 4.2 வோல்டில் தானாக நிற்பதாக இருக்கட்டும், 1 ஆம்பியரோ அதற்குக் கீழோ போதும். விழித்திருக்கும்போது, கண்ணில் படும் இடத்தில், படுக்கையிலும் சோபாவிலும் இல்லாமல். கடுங்குளிரில் உறைநிலைக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் ஏற்றாதீர்கள், உள்ளே லித்தியம் உலோகமாகப் படியும். இரண்டு செல் கருவி என்றால் ஒரே நாளில் வாங்கிய ஜோடியை ஜோடியாகவே வைத்திருங்கள். பழசும் புதுசும் கலந்தால் பலவீனமானது முதலில் தீர்ந்து, மற்றது அதை இன்னும் கீழே இழுக்கும். 2.5 வோல்டுக்குக் கீழே போய் வெகுநாள் கிடந்த செல்லை உயிர்ப்பிக்க முயல வேண்டாம்.

கேள்வி: திடீரென்று சூடாகி, உஸ்ஸென்று சத்தம் வந்தால்?

பதில்: கையில் வைத்திருக்காதீர்கள், உடனே விட்டுவிடுங்கள். முடிந்தால் சிமெண்டுத் தரை, மண் போன்ற எரியாத இடத்தில் போட்டுவிட்டுத் தள்ளிப் போங்கள், மற்றவர்களையும் தள்ளிப் போகச் சொல்லுங்கள். அந்தப் புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு இருக்கும், சுவாசிக்கக் கூடாது. மூடிய டப்பாவில் போட்டு அடைக்காதீர்கள். தீ பிடித்தால் எட்டி நின்று நிறையத் தண்ணீர் ஊற்றலாம், சூட்டை இறக்குவதுதான் முக்கியம். அணைந்தது போல இருந்து மறுபடியும் பற்றும், உடனே போய்க் கையில் எடுக்காதீர்கள். உடம்பில் பட்டிருந்தால், சின்னக் காயம் போலத் தெரிந்தாலும் மருத்துவரிடம் போய் இது லித்தியம் பேட்டரியால் வந்த புண் என்று சொல்லுங்கள்.

கேள்வி: தயாரிக்கும் நிறுவனங்களே இந்தச் செல்லைத் தனியாக வாங்கிப் பயன்படுத்தக் கூடாது என்கின்றனவாமே?

பதில்: உண்மைதான். இந்தச் செல்கள் பாதுகாப்புச் சர்க்யூட்டோடு தொகுதியாகக் கட்டி, கருவிக்குள் வைப்பதற்காகச் செய்யப்பட்டவை. அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையமும் 2021 ஜனவரியில் உதிரி 18650 செல்களை வாங்கவோ பயன்படுத்தவோ வேண்டாம் என்று எச்சரித்தது. இதை நான் மறைத்துவிட்டு மேலே உள்ளதை மட்டும் எழுதியிருந்தால் அது நேர்மையாக இருக்காது. பேட்டரி உள்ளேயே பொருத்தப்பட்ட, யுஎல் 8139 என்ற தரத்தில் சோதித்த கருவி உதிரி செல் வைக்கும் கருவியைவிட மேல், அதிலும் ஆபத்து அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். உதிரி செல்லை விட மனமில்லாதவர்கள், குறைந்தபட்சம் அந்தப் பிளாஸ்டிக் பெட்டியை இன்றைக்கே வாங்கிவிடுங்கள்.