வெளிநாட்டுல ப்ரொஃபஷனலா ஆடிட்டு, சொந்த ஊர் டீமுக்கே திரும்பி வந்து கப் அடிச்ச பிளேயர் யாராவது இருக்காங்களா?

இருக்காரு, அயர்லாந்துக்காரர், டைக் கெனெல்லி. அவரு ஊர் ஆட்டமான கேலிக் ஃபுட்பால் நம்ம பக்கம் யாரும் பார்க்கறதில்ல, அதனால பேரு புதுசா இருக்கும்.

முதல்ல ஆட்டத்தைப் பத்தி ரெண்டு வரி சொல்லிடறேன். பக்கத்துக்கு 15 பேர், உருண்டைப் பந்து, கையிலயும் பிடிக்கலாம் காலாலயும் உதைக்கலாம். ஆனா பந்தைக் கையில வெச்சுட்டு நாலு எட்டுக்கு மேல ஓடக்கூடாது, தரையில ஒரு தட்டு தட்டணும், இல்லன்னா ஓடிட்டே ஷூ நுனியில போட்டு திரும்ப நம்ம கைக்கே உதைச்சு எடுத்துக்கணும். வலைக்குள்ள போனா கோல், 3 பாயின்ட். இவரு ஆடின காலத்துல, மேல பாரைத் தாண்டிப் போனா 1 பாயின்ட். இதுல முக்கியமான விஷயம், சம்பளம் கிடையாது. கவுன்ட்டிக்கு, அதாவது அவங்க மாவட்டத்துக்கு, ஆடுறவங்க எல்லாரும் டீச்சர், போலீஸ், விவசாயின்னு பகல்ல வேற வேலை பார்த்துட்டு சாயங்காலம் ப்ராக்டிஸுக்கு வர்றவங்கதான். ஐபிஎல் மாதிரி ஏலத்துல எல்லாம் ஆள் எடுக்க முடியாது.

கெனெல்லி கெர்ரி கவுன்ட்டியில லிஸ்டோவல் ஊர். அப்பா டிம் கெனெல்லி சாதாரண ஆள் இல்ல, 1975ல ஒண்ணு, அப்புறம் 1978ல இருந்து 1981 வரைக்கும் தொடர்ந்து நாலு, மொத்தம் அஞ்சு ஆல்-அயர்லாந்து (கவுன்ட்டிகளுக்கு நடுவுல வருஷா வருஷம் நடக்கற பெரிய கப்) ஜெயிச்ச கெர்ரி டீம்ல ஆடினவரு, 1979ல கேப்டன் வேற. அண்ணன் நோயலும் 2000ல ஜெயிச்ச கெர்ரி டீம்ல இருந்தாரு. அப்படிப்பட்ட வீட்டுல இருந்து தம்பி ஆஸ்திரேலியாவுக்குப் போய் சிட்னி ஸ்வான்ஸ்ல சேர்ந்துட்டாரு. அங்க ஆடுறது ஆஸ்திரேலியன் ரூல்ஸ், பந்தே முட்டை ஷேப்புல இருக்கும், எப்படி பவுன்ஸ் ஆகும்னே சொல்ல முடியாது. ஆனா முழுநேர சம்பளம். 2005 கிராண்ட் ஃபைனல்ல வெஸ்ட் கோஸ்ட்டை 58-54ன்னு ஜெயிச்சாங்க, ஸ்வான்ஸுக்கு 72 வருஷம் கழிச்சு கிடைச்ச கப். மெடல் வாங்க மேடை ஏறினவரு அங்கயே ஐரிஷ் ஸ்டெப் ரெண்டு போட்டாரு பாருங்க, அந்த வீடியோ கிடைச்சா விடாதீங்க.

அதுக்கு மூணு மாசத்துல அப்பா இறந்துட்டாரு. 51 வயசுதான்.

2009 ஆரம்பத்துல சிட்னி சம்பளத்தை விட்டுட்டு கெர்ரிக்கு வந்துட்டாரு. எல்லாரும் இதை 'அப்பா கனவை நிறைவேத்தின மகன்' கதையா மட்டும் சொல்றாங்க, எனக்கு அதுல கொஞ்சம் கடுப்பு, ஏன்னா ஆட்டத்துல எவ்ளோ கஷ்டம் இருந்துச்சுன்னு யாரும் பேசறதே இல்ல. இத்தனை வருஷம் முட்டைப் பந்துல டிஃபென்ஸ் ஆடின ஆளு, வந்த உடனே உருண்டைப் பந்துல ஹாஃப் ஃபார்வர்ட், அதாவது அட்டாக் பக்கம், ஆடணும். ஓட்டம், உடம்பு எல்லாம் ப்ரொஃபஷனல் லெவல்ல இருக்கும் சரி, ஆனா அந்த கால் பழக்கம் திரும்ப வரணுமே.

டீமும் அந்த வருஷம் சுமார்தான். மன்ஸ்டர் மாகாணப் போட்டியில கார்க் கவுன்ட்டியோட டிரா பண்ணி, ரீப்ளேல தோத்து, தோத்தவங்களுக்கு இன்னொரு சான்ஸ் தர்ற குவாலிஃபையர்ங்கற பின்வாசல் வழியா வந்தாங்க. அங்க ஸ்லைகோ மேட்ச்ல போயே போயிருக்கும், கீப்பர் டியர்மிட் மர்ஃபி ஒரு பெனால்டியைத் தடுக்கலன்னா கதை அங்கயே முடிஞ்சது, ஒரே ஒரு பாயின்ட்லதான் தப்பிச்சாங்க. அந்த பெனால்டி உள்ள போயிருந்தா இவரு வேலையை விட்டுட்டு வந்ததுக்கு கையில ஒண்ணும் இருந்திருக்காது, நானும் இந்தப் பதிலை எழுதிட்டு இருக்க மாட்டேன். அப்புறம் குவார்ட்டர் ஃபைனல்ல அதே டீம் டப்ளினை 1-24க்கு 1-7ன்னு அடிச்சுத் துவைச்சது (முன்னாடி இருக்கறது கோல், பின்னாடி பாயின்ட்), அதாவது 27க்கு 10. என்ன ஆச்சு இவங்களுக்குன்னு எல்லாருக்கும் ஷாக்.

செப்டம்பர் 20, டப்ளின்ல இருக்கற க்ரோக் பார்க் ஸ்டேடியம், ஃபைனல்ல எதிர்ல அதே கார்க். பந்து போட்ட உடனே கெனெல்லி போய் கார்க்கோட நிக்கோலஸ் மர்ஃபி மேல பலமா மோதினாரு, அதுக்கு நிறைய திட்டும் வாங்கினாரு, எனக்கும் அது சரியா படல. ஆரம்பத்துல கார்க் கோல் அடிச்சு முன்னாடி போனாலும் கடைசியில கெர்ரி 0-16, கார்க் 1-9. சிட்னியோட அந்த 58-54 மாதிரி இங்கயும் நாலு பாயின்ட் வித்தியாசம்தான்! கெர்ரிக்கு அது 36வது ஆல்-அயர்லாந்து, இவருக்கு முதல். ஏஎஃப்எல் (அந்த ஆஸ்திரேலிய லீக்) பிரீமியர்ஷிப், சீனியர் ஆல்-அயர்லாந்து ரெண்டு மெடலும் வெச்சிருந்த முதல் ஆள் இவருதான். அந்த வருஷத்தோட பெஸ்ட் பிளேயர்களைப் பொறுக்கி எடுக்கற ஆல் ஸ்டார் டீம்லயும் ஹாஃப் ஃபார்வர்டா எடுத்தாங்க.

அப்புறம் ஊர்லயே செட்டில் ஆயிட்டாருன்னு நினைச்சுடாதீங்க. மறுபடி சிட்னிக்கே போயி 2011 வரைக்கும் ஆடினாரு, ரிட்டயர் ஆனதுக்கு அப்புறம் பார்த்த வேலைகள்ல ஒண்ணு என்ன தெரியுமா, அயர்லாந்துல நல்லா ஆடுற சின்னப் பசங்களை ஆஸ்திரேலியாவுக்குத் தேடிப் பிடிக்கறது. ஊர்ல எத்தனை பேர் பல்லைக் கடிச்சிருப்பாங்களோ.