மலைக்காட்டில் மரவேலை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தோட்டத்தில் வெட்டிய சில்வர் ஓக்கைப் பலகையாக அறுத்து, இரண்டு மாதம் நிழலில் வைத்த பிறகு அலமாரி செய்தோம். இப்போது பலகை வளைகிறது, கதவு பிடிக்கிறது. மரமே மட்டமா? (வாசகி, குன்னூர்)

பதில்: மரம் நல்ல மரம்தான், உள்ளே ஈரம் இருக்கிறது. ஒரு அங்குலப் பலகை காற்றில் காய ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். மூடுபனி இறங்கும் இடத்தில் இன்னும் கூடுதல். மேல்பக்கம் காய்ந்துவிட்டதை நம்பக்கூடாது.

சமையலறைத் தராசிலேயே சோதிக்கலாம். பலகையின் நுனி சீக்கிரம் காயும் என்பதால் அதை விட்டு ஒரு அடி உள்ளே தள்ளி ஒரு துண்டு வெட்டுங்கள். உடனே எடை போட்டுவிட்டு, 100 முதல் 105 டிகிரி சூட்டில் மின்னடுப்பில் (ஓவன்) வையுங்கள். எடை இனிக் குறையாது என்ற நிலை வரும்வரை அவ்வப்போது நிறுத்துப் பாருங்கள். 130 கிராம் துண்டு 100 கிராமில் நின்றால், காய்ந்த எடைக்கு ஈரம் 30 சதவீதம். 12 முதல் 15-க்குள் வந்த பிறகே இழைப்புளியைக் கையில் எடுங்கள்.

பலகைகளைக் காய அடுக்கும்போது வரிசைகளுக்கு இடையே ஒன்றரை அடிக்கு ஒரு குறுக்குச்சட்டம் வையுங்கள். எல்லா வரிசையிலும் சட்டங்கள் ஒன்றன் நேர்கீழ் ஒன்றாக அமைய வேண்டும், தள்ளி வைத்தால் பலகை அங்கேயே தொய்யும். நுனிகளில் பழைய பெயின்ட்டைத் தடித்துப் பூசினால் வெடிப்பு குறையும்.

நன்றாகக் காய்ந்த மரமும் மழைக்காலத்தில் ஊதும். காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்திலேயே நின்றால் மரம் 20 சதவீதம் வரை ஈரம் ஏற்கும். ஒரு அடி அகலப் பலகையில் அது 3, 4 மில்லிமீட்டர் வித்தியாசம். அதனால் கதவின் நடுப்பலகையைச் சட்டத்தின் காடியில் (பள்ளத்தில்) பசையில்லாமல் நிறுத்துங்கள். மேசைப் பலகைக்கு ஸ்குரூ ஓட்டையைக் குறுக்குவாக்கில் நீளமாகப் போடுங்கள். நாலு பக்கமும் பசை வைத்து இறுக்கினால் பிளவு நிச்சயம்.

கேள்வி: ஜனவரியில் ஒட்டிய மூட்டுகள் விட்டுப்போகின்றன. உள்ளே வெள்ளைப் பொடி. (வாசகர், ஊட்டி)

பதில்: குளிர்தான் காரணம். வெள்ளைப் பசையில் தண்ணீர் போன பிறகு துகள்கள் ஒன்றோடொன்று கலந்து படலமாக வேண்டும். 10 டிகிரிக்குக் கீழே பல பசைகளில் அது நடப்பதில்லை, சுண்ணாம்புபோல் பொடியாகிவிடுகிறது. பசை டப்பாவைச் சூடாக்கினால் மட்டும் போதாது, மரமும் முந்தின நாளே வீட்டுக்குள் இருக்க வேண்டும். ஒட்டிய பிறகும் இரவு முழுவதும் கிளாம்ப் போட்டபடி உள்ளேயே விடுங்கள். சந்தேகமா? ஒரு சொட்டைத் தனித் துண்டில் தடவிப் பாருங்கள். கண்ணாடிபோல் காய்ந்தால் சரி, வெள்ளையாகக் காய்ந்தால் அன்று ஒட்ட வேண்டாம்.

கேள்வி: நாலு அங்குல ஆங்கிள் கிரைண்டரில் மரம் அறுக்கும் பிளேடு மாட்டலாமா? கையுறை போட்டால் போதுமா? (வாசகர், கொடைக்கானல்)

பதில்: மாட்டவே மாட்டாதீர்கள். நிமிடத்துக்குப் பதினோராயிரம் சுற்று அளவில் ஓடும் கருவி அது. மரத்தில் பதியும் அடித்தட்டு அதற்கு இல்லை. பல் கடித்த நொடியில் தொடைக்கோ முகத்துக்கோ எகிறும், கை பிடித்து நிறுத்த முடியாது. கையுறையோ சுழலும் பல்லில் நூல் சிக்கி விரலையும் உள்ளே இழுக்கும். கண்ணாடியும் முகமூடியும்தான் தேவை. அடித்தட்டும் காப்பு மூடியும் உள்ள சர்குலர் ரம்பம் வாங்குங்கள், அதுவரை கைரம்பம் போதும். பிளேடில் அச்சிட்ட அதிகபட்சச் சுற்று, மெஷின் சுற்றைவிடக் கூடுதலாக இருக்கட்டும்.

ஈரம் காயாத கற்பூர மரத்தில் (யூகலிப்டஸ்) இன்னும் கவனம். அதன் உள்ளிறுக்கத்தால் அறுத்த வெட்டு பின்னால் மூடிக்கொண்டு பிளேடைப் பிடிக்கும். ஒரு அடி அறுத்ததும் மெஷினை நிறுத்தி, வெட்டில் மர ஆப்பு செருகிவிட்டுத் தொடருங்கள்.

கேள்வி: உளி துருப்பிடிக்காமல் இருக்கத் தேங்காய் எண்ணெய் தடவலாமா? (வாசகர், கோத்தகிரி)

பதில்: 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும், மலையில் சீராகப் பரவாது. தையல் மெஷின் எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லியதாகத் துடையுங்கள். ஈர மரத்தூள் ஒட்டியபடி உளியைப் பெட்டிக்குள் போட்டால் எந்த எண்ணெயும் காப்பாற்றாது.