மருத்துவ, சமூகப் பராமரிப்புத் திட்டங்களில் ஆளுக்கேற்ற கவனிப்புக்கு அவ்வளவு முக்கியத்துவம் தேவையா?

தேவை. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் எங்கள் ஊர். அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். விடியற்காலை 4 மணிக்கு நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு போனால், வெட்டு முடித்து, பால் எடுத்து வீட்டுக்கு வர 10 மணி ஆகிவிடும். அதுவரை ஒரு கட்டன் சாயாதான். சர்க்கரை வந்தபோது ஆஸ்பத்திரிச் சீட்டில் 'காலை, சாப்பாட்டுக்கு முன்' என்று எழுதிக் கொடுத்தார்கள். அப்பாவுக்குக் காலை என்றால் 4 மணி. மாத்திரையைப் போட்டுவிட்டுத் தோட்டத்துக்குக் கிளம்பிவிடுவார்.

ஏழு மணி வாக்கில் கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும். வயசு ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். ஒருநாள் மரத்தடியிலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் "மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?" என்று மட்டும் கேட்டார்கள். ஒழுங்காகத்தான் போட்டார்!

சாப்பாட்டு நேரத்தைக் கேட்டது, தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை கொண்டுவரும் அக்கா. "மாமா, காலம்பற எத்தன மணிக்குச் சாப்பிடுவிய?" "பத்து மணி ஆவும் மக்களே." அவர் அதை ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் சொன்னார். டாக்டர் மாத்திரையை வேலை முடிந்து வந்து சாப்பிடும் நேரத்துக்கு மாற்றிக் கொடுத்தார். சில சர்க்கரை மாத்திரைகள் வெறும் வயிற்றில் உடலுழைப்பும் சேர்ந்தால் சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடும். (நேரத்தை நீங்களாக மாற்றாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள்.)

அந்தத் திட்டம் தொடங்கியது 2021 ஆகஸ்ட் 5-ல். ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகள், தீராத நோயின் வலியையும் அவதியையும் குறைக்கும் நோய்த்தணிப்புக் கவனிப்பு, பிசியோதெரபி எல்லாம் வீட்டு வாசலுக்கே வருகின்றன. இங்கிலாந்தில் 2019 ஜனவரியில் வந்த நீண்டகாலச் சுகாதாரத் திட்டத்திலும் ஆளுக்கேற்ற கவனிப்புக்குப் பெரிய இடம் உண்டு. 'உனக்கு என்ன நோய்' என்பதோடு 'உனக்கு எது முக்கியம்' என்றும் கேட்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. தனிமையில் இருப்பவர்களை ஊர்க் குழுக்களோடு சேர்த்துவிடுவது போன்ற வேலைகளுக்கு, டாக்டர்களோடு சேர்ந்து வேலை செய்ய ஆட்களை நியமித்தார்கள். அந்த அக்கா திண்ணையில் உட்கார்ந்து கேட்டதும் கிட்டத்தட்ட அதே கேள்விதான். ஆனால் அதற்குக் கால் மணி நேரம் வேண்டும். எத்தனை வீடு முடித்தாய் என்று மட்டும் கணக்குப் பார்த்தால் அந்தக் கேள்வி வராது.

அப்புறம், மருந்தோடு தீராத விஷயம் ஒன்று: சமூகப் பராமரிப்பு, அதாவது முடியாதவர்கள் அன்றாட வாழ்க்கையைச் சமாளிக்க உதவுவது. பக்கவாதம் வந்த என் அத்தை தனியாக இருக்கிறார், பிள்ளைகள் வளைகுடாவில். பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பெண்ணிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவணும்." அதன்பிறகு பயிற்சியே வீட்டு வாசலின் மூன்று படிகளில் நடந்தது. ஆனால் படியோரம் பிடித்து ஏற ஒரு கம்பி வேண்டியிருந்தது. மருத்துவத்தில் யாரும் அது தங்கள் வேலை என்று சொல்லவில்லை, வேறு யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை. ஊர் வெல்டரைக் கூப்பிட்டு நாங்களே வைத்தோம்.